'ஸ்டிஃபன்' வந்தால் எல்லா இடத்திலும் 'விறை' தானா?

நூல்கண்டு | திங்கள், இரவு 9.40

வணக்கம். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இந்த வாரம் கையில் மூன்று வேலைகள். ஒரு சிறுகதை, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கான பயிற்சிக் கையேடு, ஒரு சமையல் பகுதி. மூன்றிலும் ஒரே ஆங்கில வினை திரும்பத் திரும்ப வருகிறது: 'ஸ்டிஃபன்' (stiffen).

அகராதியில் விறைப்பாகு, விறைப்பாக்கு, கெட்டியாக்கு, கடினமாக்கு என்று வரிசையாக இருக்கிறது. முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் 'விறை' போட்டு முடித்துவிட்டேன். இப்போது படித்தால் ஒன்றும் ஒட்டவில்லை.

கதையில் ஒருவன் பெயரை யாரோ சொல்கிறார்கள், அதைக் கேட்டதும் அவள் 'ஸ்டிஃபன்' ஆகிறாள். "அவள் உடல் விறைத்தது" என்று எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஐயோ, என்னாச்சு அவளுக்கு? ஜன்னியா?" என்று கேட்டார். அதே கதையில் படகு கரையை விட்டு வந்த பிறகு காற்று 'ஸ்டிஃபன்' ஆகிறது. கடைசிப் பக்கத்தில் தடையை மீறி மீன் பிடிப்பவர்களுக்கான தண்டனையை அரசாங்கம் 'ஸ்டிஃபன்' செய்கிறது. கையேட்டில் நெடுநேரம் உட்கார்ந்தால் முட்டி. சமையலில் முட்டையின் வெள்ளைக்கரு.

இந்த ஐந்துக்கும் ஐந்து சொல் தேட வேண்டுமா, இல்லை எல்லாவற்றையும் தாங்கும் ஒரு சொல் தமிழில் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் | திங்கள், இரவு 10.25

நூல்கண்டு, முப்பது வருஷம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் என்கிற உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அந்த வினை 'ஸ்டிஃப்' என்கிற பெயரடையோடு 'என்' விகுதி சேர்ந்து வந்தது. ஹார்டன், சாஃபன், டைட்டன், லூசன், வீக்கன் எல்லாம் இதே குடும்பம். இந்த விகுதி எல்லாப் பெயரடையோடும் சேராது. க், ட், ஃப், ஸ் மாதிரி வல்லோசையில் முடிகிற சின்னச் சொற்களோடுதான் சேரும். பிளாக்கன், வொயிட்டன், ரெட்டன் உண்டு. பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படி ஒரு வினை கிடையாது. மாணவர்கள் 'கிரீனன்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள், பாவம், அவர்கள் விதியைச் சரியாகத்தான் பிடித்திருப்பார்கள்.

உங்கள் சிக்கலின் முதல் முடிச்சு இங்கே இருக்கிறது. இந்த ஆங்கில வினை தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். முட்டி தானாக 'ஸ்டிஃபன்' ஆகும், கஞ்சி துணியை 'ஸ்டிஃபன்' செய்யும். வடிவம் மாறாது. தமிழ் இதைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்லும். இறுகியது, இறுக்கியது. இளகியது, இளக்கியது. முறுகியது, முறுக்கியது. நிமிர்ந்தது, நிமிர்த்தியது. யார் செய்தார்கள், தானாக நடந்ததா என்பதை வினையே காட்டிக் கொடுத்துவிடும்.

'விறை' மட்டும் இந்த ஜோடியில் ஒற்றையாக நிற்கிறது. "கை விறைத்தது" சரி. "கஞ்சி துணியை விறைத்தது" என்று யாரும் சொல்வதில்லை. 'விறைக்க வைத்தது', 'விறைப்பாக்கியது' என்று ஊன்றுகோல் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் செயப்படுபொருள் வந்தாலே 'விறை' தடுமாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எழுத்து. விறைத்தல் வல்லின றகரம். விரைதல் வேகமாகப் போவது. "அவன் விரைத்து நின்றான்" என்று இணையத்தில் எத்தனையோ கதைகளில் பார்க்கிறேன். விரைந்தவன் எப்படி நிற்பான்?

ஊடும்பாவும் | செவ்வாய், காலை 6.15

டீச்சர் கஞ்சி என்றதும் உள்ளே வந்துவிட்டேன். ஈரோட்டுப் பக்கம் தறிக் குடும்பம் எங்களுடையது.

இந்த வினையின் அசல் தொழில் எங்கள் தெருவில் நடந்தது. தாத்தா காலத்தில் விடிவதற்கு முன் பாவு நூலை, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூலை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி ஏற்றி, பிரஷ் போட்டு நீவிவிடுவார்கள். வெயில் ஏறினால் நூல் சீராகக் காயாது. பச்சை நூலுக்கு மேலெல்லாம் பிசிறு இருக்கும். அப்படியே தறியில் ஏற்றினால் விழுதிலும் அச்சிலும் உரசி அறுந்துகொண்டே இருக்கும். கஞ்சி அந்தப் பிசிறைப் படிய வைத்து நூலுக்கு ஒரு விறைப்பைக் கொடுக்கும். இப்போது சைசிங் மில்லில் மெஷின் செய்கிறது, வேலை அதேதான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கஞ்சி கூடிப்போனாலும் நூல் முறியும். அதனால் கஞ்சியில் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பார்கள். வேண்டியது விறைப்பும்தான், அதற்குள் ஒரு நெகிழ்வும்தான். நெய்து முடித்த பிறகு அலசினால் கஞ்சி போய்விடும். அதாவது இது நிரந்தர விறைப்பு இல்லை, ஒரு வேலைக்காகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது.

எங்கள் வீட்டில் 'நூலை விறைப்பாக்கு' என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. 'பாவுக்குக் கஞ்சி போடு' என்பார்கள், அவ்வளவுதான். சலவை வேட்டிக்கு 'மொடமொடப்பு'. என்ன செய்தோம் என்பதைச் சொன்னால் என்ன ஆயிற்று என்பது தானே வந்துவிடுகிறது.

சாக்பீஸ் | செவ்வாய், காலை 7.50

ஊடும்பாவும் தம்பி, நீங்கள் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சொல்வரலாறு இருக்கிறது.

கஞ்சிப்பசைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ச்' என்கிறோம் இல்லையா, அந்தச் சொல்லின் வேரே 'விறைப்பாக்கு' என்பதுதான். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டெர்கன்' என்ற வினை, 'ஸ்டார்க்' என்ற பெயரடைக்கு உறவு. முதலில் வினை, பிறகுதான் அதைச் செய்யும் பொருளுக்குப் பெயர். அரிசியிலும் கிழங்கிலும் உள்ள மாவுச்சத்துக்கே இன்று அதுதான் பெயர். துணியை விறைக்க வைத்த குணத்தைப் பார்த்து உணவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாம் எதிர்ப்பக்கமாகப் போனோம். குடிக்கிற கஞ்சியின் பெயரையே துணிக்குப் போடுவதற்கும் வைத்துக்கொண்டோம். அந்தக் கஞ்சிதான் 'காஞ்ஜி' என்று ஆங்கிலத்துக்குள் போய், இன்று சீன உணவகங்களின் அரிசிக் கஞ்சிக்குக்கூட அந்தப் பெயரே நிற்கிறது.

கம்பியும்கலவையும் | செவ்வாய், மதியம் 1.20

நான் கட்டடப் பொறியாளர். இந்த இழையில் ஒரு வேண்டுகோளோடு வருகிறேன். விறைப்பு வேறு, வலிமை வேறு. தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டையும் 'உறுதி' என்று ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறார்கள். அதைப் படிக்கும்போது மனசு வலிக்கிறது.

வலிமை என்றால் எவ்வளவு சுமையில் உடையும் என்பது. விறைப்பு என்றால் ஒரு சுமைக்கு எவ்வளவு வளையும் என்பது. கண்ணாடி விறைப்பானது, ஆனால் ஒரு தட்டில் போய்விடும். நைலான் கயிறு வலிமையானது, ஆனால் இழுத்தால் நீளும். பாலத்தின் இரும்பு உத்தரங்களில் குறுக்கே நிறுத்தி வைக்கிற பட்டைத் தகடுகளுக்கு 'ஸ்டிஃப்னர்' என்றே பெயர். தகடு பக்கவாட்டில் நெளியாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

விறைப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலத்தை விட நல்ல உதாரணம் இல்லை. 1940 ஜூலை 1 அன்று திறந்தார்கள். நடு இடைவெளி 853 மீட்டர், அதைத் தாங்கிய பக்க உத்தரங்களின் ஆழமோ 2.4 மீட்டர்தான். மெலிதாக, அழகாக இருந்தது. லேசான காற்றுக்கே அலை மாதிரி ஏறி இறங்கும். நான்கு மாதம் கழித்து, நவம்பர் 7 அன்று, மணிக்கு 64 கிலோமீட்டர் அளவிலான காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி விழுந்தது. அந்தக் காற்று புயல்கூட இல்லை. எடையைத் தாங்கும் வலிமை பாலத்துக்கு இருந்தது, முறுக்கத்தைத் தடுக்கும் விறைப்புதான் இல்லை. 1950ல் அதே இடத்தில் திறந்த புதுப் பாலத்துக்குச் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் பின்னல் சட்டங்கள் வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயரே 'ஸ்டிஃபனிங் டிரஸ்'.

அப்புறம், கலவை. சிமெண்டில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதலில் குழைவு போய் இறுகும், அதுதான் 'செட்டிங்'. பிறகு நாள்கணக்கில், மாதக்கணக்கில் வலுவேறும், அது 'ஹார்டனிங்'. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சிமெண்டில் கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பதே சட்டென்று இறுகாமல் இருக்கத்தான்.

சைட்டில் கொத்தனார் 'இறுகிப்போச்சு', 'செட்டாயிடுச்சு' என்பார். 'கலவை விறைத்தது' என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழைவாக இருந்தது கட்டியானால் இறுகல். ஏற்கெனவே உருவம் உள்ளது வளைய மறுத்தால் விறைப்பு. எனக்கு இந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது.

ஒருபொருள் | செவ்வாய், மாலை 5.05

எல்லோரும் சொல்வது சுவையாக இருக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கம் ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இடத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று போனால் கலைச்சொல் எப்படி நிலைக்கும்? பாடநூலில் 7ஆம் பக்கத்தில் இறுக்கம், 12ஆம் பக்கத்தில் விறைப்பு, 20ஆம் பக்கத்தில் கெட்டித்தன்மை என்று வந்தால் மாணவன் மூன்றும் மூன்று குணம் என்றுதான் நினைப்பான். பாலம் பற்றிப் பேசிய பொறியாளர் சாரே இப்போது அதைத்தானே கேட்கிறார்? நூல்கண்டு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பது தவறில்லை. பழகப் பழக வாசகர் ஏற்றுக்கொள்வார்கள்.

கம்பியும்கலவையும் | செவ்வாய், மாலை 6.30

ஒருபொருள் சார், பாடநூலுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இயற்பியலில் அது அளவிடக்கூடிய ஒரு குணம், அதற்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். ஆனால் அது பெயர்ச்சொல். கதையில் ஒருத்தி ஒரு பெயரைக் கேட்டுத் திடுக்கிடுவதும் உத்தரத்தின் குணமும் ஒன்றா?

தோள்பட்டை | செவ்வாய், இரவு 8.45

மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கையேடு என்றதால் என் பங்கு.

எங்களிடம் வருகிறவர்கள் 'விறைப்பு' என்று சொல்லிக்கொண்டு வருவது ரொம்பக் குறைவு. "காலையில எந்திரிச்சா முட்டி பிடிச்சுக்குது", "மடக்க வரல", "கழுத்து பிடிச்சுக்கிச்சு, திருப்ப முடியல", இப்படித்தான். கெண்டைக்கால் இழுத்தால் குரக்களி. தோள் மாதக்கணக்கில் அசையாமல் போவதை 'கை தூக்க வரல' என்பார்கள். 'உறைந்த தோள்' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், ஆனால் நோயாளி வாயில் அது வந்து நான் கேட்டதில்லை.

இது வெறும் மொழி விஷயம் இல்லை. காலையில் மூட்டு எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பது எங்களுக்கு முக்கியமான கேள்வி. தேய்மான மூட்டுவலியில் பொதுவாக அரை மணிக்குள் இளகிவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நீடிக்கும். கேள்வியில் உள்ள சொல் புரியாவிட்டால் பதில் தப்பாக வரும்.

காய்ச்சலும் தலைவலியும் இருந்து, கழுத்து வளைய மறுத்து, தாடையை நெஞ்சில் தொட முடியாமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மூளையுறை அழற்சியாக இருக்கலாம். அங்கே நான் 'கழுத்து விறைப்பு' என்றே சொல்வேன். அந்தச் சொல்லில் ஒரு அபாயம் கேட்கிறது, கேட்கவும் வேண்டும். சாதாரணமாக ஏ.சி. காற்றில் தூங்கி எழுந்ததற்கு 'பிடிப்பு' போதும்.

நூல்கண்டு, உங்கள் அம்மா 'ஜன்னியா' என்று கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. காயத்தின் வழியாக வரும் டெட்டனஸை ரண ஜன்னி என்றுதான் முந்தைய தலைமுறை சொன்னது. தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளைந்து உடம்பே விறைக்கும். அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அவர்களுடையது.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் உயிர் போனதும் தாடையைச் சேர்த்துக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் இணைத்துக் கட்டுகிறார்கள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், அதற்கு முன் வாயை மூடி, காலை நேராக்கிவிட வேண்டும் என்பதற்காக. தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. தீர்ந்ததும் தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. இமையிலும் தாடையிலும் முதலில் தெரியும். பிறகு உடல் சிதையத் தொடங்கும்போதுதான் அந்தப் பிடி விடும். 'விறைச்சுப்போச்சு' என்ற சொல்லைப் பெரியவர்கள் அதிகம் கேட்ட இடம் சாவு வீடு. உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி "உடல் விறைத்தது" என்று படித்தால் அவர்களுக்குத் திக்கென்று இருக்காதா?

நூல்கண்டு | செவ்வாய், இரவு 9.10

தோள்பட்டை, இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். பாட்டிக்கு விரல் கட்டியதை நினைத்துக்கொண்டேன் என்றார். நான் யோசிக்கவே இல்லை.

வடமராட்சியான் | புதன், காலை 5.30

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொராண்டோ. எல்லாரும் ஒன்றைக் கவனிக்காமல் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கட பக்கத்தில் விறைப்பு என்றால் உணர்ச்சி இல்லாமல் போவது. நெடுநேரம் சம்மணம் போட்டு இருந்துவிட்டு எழும்பினால் "கால் விறைச்சுப்போச்சு" என்போம். நீங்கள் 'மரத்துப்போச்சு' என்பீர்கள் அல்லவா, அது. பல் பிடுங்கப் போனால் டாக்டர் போடுவது விறைப்பு ஊசி. இங்கே பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நின்றால் "கை விறைக்குது" என்போம், அதில் குளிரும் இருக்கு, உணர்வு அற்றுப்போவதும் இருக்கு.

தங்கச்சி, உங்கள் கையேடு தமிழ்நாட்டில் மட்டும் வாசிக்கப்படுமா? "முழங்கால் விறைத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்று இருந்தால் எங்கட ஆட்கள் முழங்கால் மரத்துப்போனால் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். அறுவைக்குப் பிறகு மரத்துப்போவதும் மடக்க ஏலாமல் போவதும் ஒன்றில்லைத்தானே?

தோள்பட்டை | புதன், காலை 7.15

ஒன்றே இல்லை, அண்ணா. மரத்துப்போவது நரம்பின் சங்கதி. மடக்க முடியாதது மூட்டும் தசையும் சார்ந்தது. கேட்கிற கேள்வி, செய்கிற பரிசோதனை எல்லாம் வேறு. நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கே இது தோன்றியிருக்காது. நன்றி.

நூல்கண்டு | புதன், காலை 8.00

அண்ணா, அந்தக் கையேடு வெளிநாட்டில் உள்ள தமிழ் நோயாளிகளுக்காகத் தயாராவது. படிப்பவர்களில் பாதிப்பேர் இலங்கைத் தமிழர்களாக இருக்கலாம். கை நடுங்குகிறது. எல்லா 'விறை'யையும் எடுத்துவிடுகிறேன்.

ஒருபொருள் | புதன், காலை 9.35

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு சொல்லில் நிற்பது நல்லது என்றேன், அந்த ஒரு சொல்லே இரண்டு கரையில் இரண்டு பொருளாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. கையேட்டைப் பொறுத்தவரை என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

அடுப்படி | புதன், காலை 11.20

சமையல் வாக்கியத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்!

வெள்ளைக்கருவை அடிக்கும்போது முதலில் நுரைக்கும், பிறகு வெண்ணெய் மாதிரி திரளும், கடைசியில் கரண்டியைத் தூக்கினால் நுனி சாயாமல் நிற்கும். ஆங்கிலக் குறிப்பில் இந்தக் கடைசி நிலைக்குத்தான் அந்த வினை. 'நுரை விறைக்கும் வரை' என்று எழுதினால் சமைக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது. 'கரண்டியைத் தூக்கினால் நுரை சாயாமல் நிற்கும் வரை அடிக்கவும்' என்று எழுதுங்கள். நம் சமையலே பதம் பார்த்துச் செய்வதுதானே. பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று எதைப் பார்க்க வேண்டுமோ அதையே பெயராக வைத்திருக்கிறோம்.

மற்றபடி எங்களுக்கு அல்வா இறுகும், குழம்பு கெட்டியாகும், நெய் உறையும். ஆறின சப்பாத்திதான் விறைக்கும்.

கச்சான்காற்று | புதன், மாலை 4.10

காற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். கடற்கரையில் வளர்ந்தவன், இப்போது சரக்குக் கப்பலில் வேலை.

எங்கள் ஊரில் காற்று கூடும், வலுக்கும், ஏறும். "கச்சான் ஏறிடுச்சு, வலையை வாங்கு" என்பார்கள். 'காற்று வலுத்தது' போதும், வேறு யோசிக்காதீர்கள்.

கப்பலுக்கும் இந்தச் சொல் உண்டு, தெரிந்தவர்கள் குறைவு. ஒரு பக்கம் சாய்ந்தால் வெடுக்கென்று திரும்பி நிமிரும் கப்பலை 'ஸ்டிஃப்' என்போம். மெதுவாக, சோம்பலாகத் திரும்புவது 'டெண்டர்'. கனமான சரக்கை அடியில் ஏற்றினால் கப்பல் விறைப்பாகும். பாதுகாப்பு என்று நினைப்பீர்கள். அளவு மீறினால் வெடுக் வெடுக்கென்று ஆடி உள்ளே ஆள் நிற்க முடியாது, கட்டி வைத்த சரக்கே அறுத்துக்கொண்டு வரும். ஊடும்பாவும் அண்ணன் கஞ்சி கூடினால் நூல் முறியும் என்றாரே, கடலிலும் அதே கதைதான்.

சாக்பீஸ் | புதன், இரவு 8.20

தண்டனை வாக்கியம் சுலபம். 'கடுமையாக்கியது'. செய்தித்தாள் நடைதான், ஆனால் வேரூன்றிவிட்ட நடை. எண் கையில் இருந்தால் அதைவிட நேராக எழுதலாம். 2019ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்த அபராதம் 1,000 ரூபாய் ஆனது. குடித்துவிட்டு ஓட்டினால் 2,000 என்பது 10,000 ஆனது. 'அபராதத்தை உயர்த்தினார்கள்' என்றால் யாருக்கும் விளங்கும். எதிர்ப்பு என்றால் வலுத்தது. போட்டி என்றால் கடுமையானது. மன உறுதி என்றால் இன்னும் உறுதிப்பட்டது.

ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி, கோட்டை மதிலின் உடைப்புக்கு முன்னால் வீரர்களைப் பார்த்துத் தசைநார்களை 'ஸ்டிஃபன்' செய்யச் சொல்வான். அங்கே விறைக்கச் சொன்னால் வீரன் நகரவே மாட்டான். 'முறுக்கேற்றுங்கள்' என்றால்தான் பாய்வான். முறுக்குக்குள் அடுத்த அசைவு தயாராக இருக்கிறது, விறைப்பில் அது நின்றுபோய்விடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தச் சிக்கலை நமக்கு முன்னால் தீர்த்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். யாத்திராகமத்தில் இஸ்ரவேல் மக்களைப் பற்றி ஆங்கில பைபிள் விறைத்த கழுத்துக்காரர்கள் என்கிறது. தமிழ் பைபிளில் என்ன இருக்கிறது தெரியுமா? "வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள்." நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்க மறுக்கிற மாடு அப்படியே கண்ணில் வந்து நிற்கிறது. கழுத்து எப்படி இருக்கிறது என்று சொல்லாமல், என்ன செய்ய மறுக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த ஒரு சொல்லில் கண் நின்றுவிடும்.

இரவுவாசகன் | புதன், இரவு 11.15

கதை வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஆங்கிலக் கதைகளில் மனிதர்கள் பயந்தாலும், கோபப்பட்டாலும், அவமானப்பட்டாலும், யாராவது தொட்டாலும் இதே வினையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காரணத்தை வாசகர் ஊகிக்க வேண்டும். தமிழில் உடம்பு அப்படிப் பொதுவாக எதிர்வினை காட்டுவதில்லை. கோபம் வந்தால் முகம் இறுகும். ரோஷம் வந்தால் மூக்கு விடைக்கும், தோள் நிமிரும். அதிர்ச்சி என்றால் விக்கித்து நிற்போம், சிலையாகிப் போவோம். வெறுப்பு என்றால் உடம்பு சுருங்கும், ஒதுங்கும்.

பயத்தில்தான் பெரிய வித்தியாசம். ஆங்கிலத்தில் பயந்தவன் விறைக்கிறான். தமிழில் பயந்தவன் வெலவெலத்துப் போகிறான், கைகால் வெடவெடக்கிறது, முழங்கால் தொய்கிறது. அங்கே இறுகுவது இங்கே இளகுகிறது. அப்படியே மொழிபெயர்த்தால் நம் வாசகருக்கு அந்தப் பயம் போய்ச் சேராது.

அதோடு, தமிழில் 'விறைப்பாக' என்பது பெரும்பாலும் ஆளின் குணம். மாப்பிள்ளை வீட்டார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள், போலீஸ்காரர் விறைப்பாக சல்யூட் அடித்தார். அதில் ஒரு வீம்பு, ஒரு முறைமை இருக்கிறது. ஒரு நொடியில் வந்து போகும் உணர்ச்சிக்கு அது பொருந்தாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். ஆண்மைக்குறைவு விளம்பரங்கள் 'விறைப்பு' என்ற சொல்லைச் சுவரெல்லாம் எழுதி எழுதி அதன் மேல் ஒரு நிழலைப் போட்டுவிட்டன. உடலோடு சேர்த்து எழுதினால் அந்த நிழலும் கூடவே வருகிறது.

நூல்கண்டு, உங்கள் கதையில் அந்த ஆள் அவளுக்கு யார்? அது தெரியாமல் வினையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நூல்கண்டு | வியாழன், காலை 7.05

அண்ணன். சொத்துத் தகராறில் பேச்சை விட்டு பதினோரு வருஷம் ஆகிறது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்கிற செய்தி அடுத்த பக்கத்தில்தான் வருகிறது. பெயரைக் கேட்கும் இடத்தில் அவளுக்கு அது தெரியாது. அப்போது பயம் இல்லை, பழைய கோபம்தான்.

இரவுவாசகன் | வியாழன், காலை 7.40

அப்படியானால் 'முகம் இறுகியது'. இறுகியது பிறகு இளகும். அடுத்த பக்கத்தில் செய்தி வரும்போது அந்த முகம் என்ன ஆகிறது என்பதற்கு இதிலேயே வழி இருக்கிறது.

நூல்கண்டு | வியாழன், இரவு 9.55

எல்லாவற்றையும் திருத்தி முடித்துவிட்டேன். "அண்ணன் பெயரைக் கேட்டதும் அவள் முகம் இறுகியது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை." இரண்டாவது வாக்கியம் மூலத்திலேயே இருந்தது. முன்பு 'உடல் விறைத்தது' என்று எழுதிவிட்டு, விறைத்த உடம்பு எப்படி வெங்காயம் நறுக்கும் என்று யோசிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

காற்று வலுத்தது. தண்டனையைக் கடுமையாக்கினார்கள். நுரை கரண்டியிலிருந்து சாயாமல் நிற்கும் வரை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மடக்கவோ நீட்டவோ கடினமாக இருக்கும். எழுந்து சிறிது நடந்தால் இளகும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் மடக்க முடியாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள்." அந்த அரை மணி மூலத்திலேயே உள்ளது. மரத்துப்போவதற்குத் தனி வாக்கியம்: "காலில் தொட்டால் தெரியாமல் இருந்தால், அதாவது மரத்துப்போனால் அல்லது விறைத்துப்போனால், அதையும் சொல்லுங்கள்."

வடமராட்சியான் அண்ணா, உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் ஒருமுறை வாசித்துக் காட்ட முடியுமா? 'பிடித்துக்கொள்ளும்' அங்கேயும் இதே பொருள்தானா என்று தெரிய வேண்டும்.

வடமராட்சியான் | வெள்ளி, காலை 6.10

மாமிக்கு எழுபத்தெட்டு வயது. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வாசித்துக் காட்டினேன். முதல் மூன்று வரி முடியவே முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஓம், காலமையில எனக்கும் உப்பிடித்தான், நடந்தா விடும்" என்றா. விறைத்துப்போவது பற்றிய வரியைக் கேட்டுவிட்டு, அது தனக்கு இல்லை என்றா.

'நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருந்தால்' என்பதை மட்டும் 'கனநேரம் ஒரே இடத்தில் இருந்தால்' என்று மாற்றலாமா என்று கேட்கச் சொன்னா. இல்லையென்றாலும் விளங்குதாம்.